காமெட் லாரி ஓடிய எங்கள் வீடு

சங்ககிரி, திருச்செங்கோடு, நாமக்கல் பக்கம் பிறந்தவர்களுக்கு லாரியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. தெருவுக்கு நாலு வீட்டில் லாரி இருக்கும், லாரி இல்லாத வீட்டில் டிரைவரோ கிளீனரோ பாடி கட்டும் ஆசாரியோ இருப்பார். மழை பொய்த்துப் பொய்த்து, மானாவாரிக் காட்டை நம்பிப் பிழைக்க முடியாமல் போன சனம் சக்கரத்தை நம்பிக் கிளம்பியது. இப்போது நாமக்கல் லாரி என்றதும் பத்து சக்கரம், பன்னிரண்டு சக்கரம், கேஸ் டேங்கர் என்றுதான் பேச்சு போகிறது. அதற்கெல்லாம் முன்னால் ஓடியவை இங்கிலாந்து வண்டிகள். அங்கே வரைந்து நம் எண்ணூரில் பூட்டிய லேலண்ட் காமெட், அதற்கும் முன்னால் பெட்ஃபோர்டு. எங்கள் வீட்டில் மூன்று தலைமுறை இந்த வண்டிகளால் சாப்பிட்டது. எனக்குத் தெரிந்ததை எழுதி வைக்கிறேன். இன்றைக்கு ஒற்றை வண்டி வைத்து ஓட்டுகிற தம்பிகளுக்கும் இதில் எடுத்துக்கொள்ள விஷயம் இருக்கிறது.

அப்பாரு, அதாவது அப்பாவின் அப்பா, முதலில் எடுத்தது பெட்ஃபோர்டு. இரண்டாம் உலகப் போர் முடிந்து பட்டாளத்து லாரிகளை ஏலம் விட்ட காலம். அதில் ஒன்று கை மாறிக் கை மாறி சேலத்துக்கு வந்திருந்தது. அப்பாருவும் பங்காளி ஒருவரும் மச்சான்மார் இரண்டு பேரும் சேர்ந்து அதை எடுத்தார்கள். எங்கள் பக்கம் அப்போதெல்லாம் லாரி வாங்குவது இப்படித்தான், காசு உள்ளவர் காசு போடுவார், ஓட்டத் தெரிந்தவர் ஓட்டுவார், கொஞ்சம் படித்தவர் கணக்குப் பார்ப்பார், பங்கு எழுதிக்கொள்வார்கள். பெட்ஃபோர்டை இங்கிலாந்தில் லூட்டன் பக்கம் வாக்ஸ்ஹால் கம்பெனி செய்தது. லேசான வண்டி, கைக்கு அடக்கமான வண்டி, ஆனால் பெட்ரோல் குடிக்கும். அதனால் பாதி ஆயுளில் பெட்ரோல் இஞ்சினைக் கழற்றிப் போட்டுவிட்டு, மெட்ராஸில் சிம்ப்சன் கம்பெனி செய்துகொண்டிருந்த பெர்க்கின்ஸ் டீசல் இஞ்சினைப் பூட்டினார்கள். பெட்ஃபோர்டு, ஃபார்கோ, டாட்ஜ் வைத்திருந்த பலரும் அந்தக் காலத்தில் செய்த வேலை இது. இஞ்சின் மாற்றியதில் வண்டி சத்தம் கூடியது, வீட்டில் கடன் குறைந்தது என்று அப்பத்தா சொல்லும்.

1960களில் காமெட் வந்தது. வண்டி என்றால் முழு வண்டி இல்லை, கம்பெனி கொடுப்பது சேஸிஸ் மட்டும்தான். இஞ்சின், முன்னால் மூடி, ஸ்டியரிங், சக்கரங்கள், அவ்வளவே. எண்ணூரிலிருந்து சங்ககிரி வரைக்கும் மரப்பெட்டி ஒன்றைப் போட்டு அதன் மேல் உட்கார்ந்து, தலைக்குத் துண்டு கட்டி, கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு வெட்டவெளியில் ஓட்டி வர வேண்டும். வந்த பிறகுதான் ஆசாரி கேபினும் தொட்டியும் மரத்தில் கட்டுவார். நாமக்கல்லும் சங்ககிரியும் பாடி கட்டுவதற்குப் பேர் வாங்கியதற்கு அடிப்படை இந்த ஏற்பாடுதான். கம்பெனி முழு வண்டியாக விற்றிருந்தால் எங்கள் ஊரில் அத்தனை பட்டறை வந்திருக்காது.

லேலண்ட் என்பது இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதியில் ஒரு சின்ன ஊரின் பெயர். 1896இல் அங்கே லங்காஷயர் ஸ்டீம் மோட்டார் கம்பெனி என்று தொடங்கி, முதலில் நீராவியில் ஓடும் ஒன்றரை டன் வேன் செய்தார்கள். லேலண்ட் மோட்டார்ஸ் என்று பெயர் மாறியது 1907இல். காமெட் 1947இல் வந்தது. போர் முடிந்து பிரிட்டனுக்கு வெளிநாட்டுப் பணம் தேவைப்பட்ட நேரம், அதனால் ஏற்றுமதியை மனதில் வைத்தே செய்த வண்டி அது. மூக்கு நீண்டு அமெரிக்க லாரி மாதிரி இருப்பதும் அதனால்தான். இந்தப் பக்கம் 1948இல் ரகுநந்தன் சரண் தன் மகன் பெயரில் அசோக் மோட்டார்ஸ் ஆரம்பித்து ஆஸ்டின் கார்களைப் பூட்டிக்கொண்டிருந்தார். 1950இல் லேலண்டோடு ஒப்பந்தம், 1951இல் முதல் லேலண்ட் சேஸிஸ் எண்ணூரில் பூட்டப்பட்டது, 1955இல் கம்பெனி பெயரே அசோக் லேலண்ட் ஆனது. பெரிய வண்டிகளுக்கு மிருகப் பெயர் வைப்பது லேலண்ட் வழக்கம். அந்த வரிசையில் ஹிப்போவும் பீவரும் பிறகு எண்ணூருக்கும் வந்தன. ஆனால் எங்கள் பக்கம் சோறு போட்டது காமெட்தான்.

அந்த வண்டியை ஓட்டுவது எப்படி என்று இப்போதைய டிரைவர்களிடம் சொன்னால் நம்பமாட்டார்கள். 350 கன அங்குல டீசல் இஞ்சின், பவர் ஸ்டியரிங் கிடையாது, கியர் பற்களின் வேகத்தைத் தானாக ஒத்துப்போகச் செய்யும் சிங்க்ரோமெஷ் கிடையாது. கியர் குறைக்க வேண்டும் என்றால் கிளட்சை மிதித்து நியூட்ரலுக்குத் தள்ளி, கிளட்சை விட்டு, ஆக்ஸிலேட்டரை ஒரு மிதி மிதித்து இஞ்சின் சுற்றை ஏற்றி, மறுபடி கிளட்சை மிதித்து, அப்புறம் கியரைப் போட வேண்டும். சுற்று கூடினாலும் குறைந்தாலும் பல்லோடு பல் உரசிக் கரகரவென்று ஊருக்கே கேட்கும். மேல் கியருக்குப் போகும்போது அந்த நடு மிதி வேண்டாம், சுற்று இறங்குகிற அளவுக்குக் காத்திருந்தால் போதும். எவ்வளவு காத்திருப்பது? அதற்குக் கணக்கு எதுவும் கிடையாது, ஏற்றியிருக்கும் பாரம், ரோட்டின் ஏற்றம், கியர் ஆயிலின் சூடு எல்லாவற்றையும் பொறுத்தது. எங்கள் வண்டியில் வெகுகாலம் இருந்த டிரைவரண்ணன் எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஒன்றே ஒன்று: "கண்ணு, கம்பியப் பாக்காத, காதுல வாங்கு." பள்ளிக்கூட லீவில் கிளீனராகப் போனபோது ஸ்டியரிங்கைத் தொடவே விடமாட்டார், பக்கத்தில் உட்கார்ந்து இப்போது எந்தக் கியர் என்று சத்தத்தை வைத்துச் சொல்லச் சொல்வார். மீட்டரில் விளக்கு எரியும் முன்னாலேயே இஞ்சின் சத்தம் மாறிவிடும். டர்போ வண்டியிலும் அப்படித்தான். பாட்டைக் கொஞ்சம் குறைத்து வைத்து ஓட்டுங்கள்.

கிளீனர் வேலை என்றால் வண்டியைத் துடைப்பது என்று நினைக்கிறார்கள். துடைப்பதும் உண்டு. ஆனால் அசல் வேலை வண்டி நிற்கும்போதெல்லாம் இறங்கி ஒரு சுற்று வருவது. கையில் டயர் லிவர் இருக்கும், ஒவ்வொரு டயராகத் தட்டிக்கொண்டே போக வேண்டும். காற்று சரியாக இருக்கிற டயரில் லிவர் துள்ளி எழும், சத்தம் கணீரென்று வரும். காற்று இறங்கிய டயரில் லிவர் அப்படியே பதியும், சத்தம் தொப்பென்று விழும். பின்னால் இரட்டைச் சக்கரத்தில் உள் டயர் பஞ்சரானால் வெளியிலிருந்து தெரியாது, வெளி டயர் பாரத்தைத் தாங்கிக்கொண்டு நிற்கும், இரண்டும் உரசிச் சூடேறி வெளி டயரும் வெடித்தபின்தான் தெரியும். அப்போது இரண்டு டயர் போச்சு. தட்டிப் பார்க்க ஆகும் நேரம் ஒரு டீ ஆறுகிற நேரம்கூட இல்லை. தட்டிய கையோடு வீல் டிரம்மின் மேல் புறங்கையைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்ப்பார்கள், மற்றவற்றைவிட ஒன்று அதிகமாகச் சுட்டால் பிரேக் ஒட்டுகிறது அல்லது பேரிங் போகப்போகிறது. தொட்டுவிடக் கூடாது, தோல் வந்துவிடும்.

சக்கரம் கழற்றும்போது ஒன்று நினைவில் இருக்க வேண்டும். பழைய லேலண்டில் இடது பக்கச் சக்கரங்களுக்கு எதிர் மரை. வண்டி முன்னால் ஓடும்போது நட்டு தானாக இறுகும் பக்கமாகச் சுற்ற வேண்டும் என்று அப்படி வைத்தார்கள். தெரியாமல் வலது பக்கம் மாதிரியே திருகினால் கழற்றுவதற்குப் பதில் இறுக்கிக்கொண்டே இருப்போம், ஸ்பேனரில் குழாய் செருகி இரண்டு பேர் ஏறி நின்றால் ஸ்டட்டு உடையும். நடுரோட்டில் உதவிக்கு வருகிற புண்ணியவான்களிடம் முதலில் இதைச் சொல்லிவிட வேண்டும். இன்னொன்று ஸ்பேனர். லேலண்ட் இங்கிலீஷ் வண்டி, அதனால் போல்ட் எல்லாம் அங்குலக் கணக்கு. டாடா 1954இல் ஜெர்மன் பென்ஸோடு சேர்ந்து வண்டி செய்ய ஆரம்பித்ததால் அதெல்லாம் மில்லிமீட்டர். அந்தக் காலத்துப் பட்டறையில் இரண்டு செட்டும் தனித்தனிப் பெட்டியில் இருக்கும். அரை அங்குலத் தலையுள்ள போல்ட்டுக்குப் பதின்மூன்று எம்.எம். ஸ்பேனர் உட்காருகிற மாதிரிதான் இருக்கும், இறுக்கமான போல்ட்டில் போட்டு அழுத்தினால் மூலை உருண்டுவிடும். பழைய டிராக்டர், பழைய இஞ்சின் எதில் கை வைத்தாலும் எந்தக் கணக்கு வண்டி என்று கேட்டுவிட்டுப் பெட்டியைத் திறப்பது நல்லது.

டீசல் தீர்ந்து நின்றால் டீசல் ஊற்றியதும் கிளம்பாது, லைனில் காற்று புகுந்திருக்கும். அதை எடுப்பது எங்கள் வீட்டுப் பையன்கள் எல்லோருக்கும் பத்தாவது பரீட்சைக்கு முன்னாலேயே தெரியும். முதலில் ஃபில்டர் மேலே உள்ள சின்ன ஸ்குருவைக் கொஞ்சம் தளர்த்தி, கைப் பம்பை அடிக்க வேண்டும். நுரை நுரையாக டீசல் வரும், அடிக்க அடிக்க நுரை குறையும், நுரையே இல்லாமல் கண்ணாடி மாதிரி டீசல் வழிந்ததும் பம்பை அடித்துக்கொண்டிருக்கும்போதே ஸ்குருவை இறுக்க வேண்டும். நிறுத்திவிட்டு இறுக்கினால் மறுபடி காற்றை இழுத்துக்கொள்ளும். அப்புறம் இன்ஜெக்‌ஷன் பம்பிலும் அதே மாதிரி. அதற்கும் கிளம்பவில்லை என்றால் சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசிலுக்குப் போகும் குழாய் நட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தி, ஸ்டார்ட்டர் அடித்து, டீசல் பீய்ச்சியதும் இறுக்க வேண்டும். அதற்கு முகத்தைக் கிட்டே கொண்டுபோகக் கூடாது. இன்றைய காமன் ரெயில் (எல்லா நாசிலுக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாய்) வண்டிகளில் இந்த கடைசி வேலையைத் தொடவே தொடாதீர்கள், அதன் அழுத்தம் வேறு, தோலைக் கிழித்து உள்ளே போகும்.

மலை ஏறுவது தனிக் கல்வி. சத்தியமங்கலத்திலிருந்து மைசூர் போக திம்பம் ஏற வேண்டும், 27 கொண்டை ஊசி வளைவு. காமெட்டுக்குச் சில வளைவுகளில் ஒரே மூச்சில் திரும்ப இடம் பத்தாது, கொஞ்சம் பின்னால் வந்து மறுபடி ஏற வேண்டும். அந்த நேரத்தில் கிளீனர் மரக்கட்டையைத் தூக்கிக்கொண்டு பின் சக்கரத்தோடு ஓடுவான். வண்டி நின்ற நொடியில் கட்டையைச் சக்கரத்துக்கு அடியில் போட வேண்டும், வண்டி ஏறியதும் எடுத்துக்கொண்டு மறுபடி ஓட வேண்டும். கட்டையை எப்போதும் பக்கவாட்டில் நின்றுதான் போட வேண்டும், சக்கரத்துக்கு நேர் பின்னால் போய் நின்றுவிடக் கூடாது. இறக்கத்தில் சட்டம் வேறு: எந்தக் கியரில் ஏறுமோ அதே கியரில் இறங்கு. தர்மபுரியிலிருந்து சேலம் வரும் தொப்பூர் இறக்கத்தில் இன்றுவரை விபத்து நடந்துகொண்டே இருப்பதற்கு ஒரு முக்கியக் காரணம் இதுதான். ரோடு நாலு வழி ஆகிவிட்டது, இறக்கம் இறக்கமாகவே இருக்கிறது. டீசல் மிச்சம் பண்ணுவதாக நினைத்து நியூட்ரலில் விடுகிறார்கள், பிரேக் பிடித்துப் பிடித்து டிரம் பழுத்து, கடைசி வளைவில் பிடிக்க வேண்டிய பிரேக் பிடிக்காது. மிச்சம் பிடித்த டீசல் எவ்வளவு இருக்கும்? இதை மட்டும் எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன்.

தார்ப்பாய் கட்டுவதைச் சொல்ல வேண்டும், எனக்கு மிகப் பிடித்த வேலை அது. சேலம் பக்கத்து ஜவ்வரிசி மூட்டை வடக்கே மகாராஷ்டிரம், கல்கத்தா வரைக்கும் போகும், திரும்பி வரும்போது வெங்காயமோ பருப்போ வரும். ஜவ்வரிசியில் ஒரு மூட்டை நனைந்தாலும் சரக்குக்காரர் வாடகையில் பிடித்துக்கொள்வார். இரண்டு தார்ப்பாய் போடுவதாக இருந்தால் பின் தார்ப்பாயை முதலில் விரித்து, முன் தார்ப்பாயின் ஓரம் அதன் மேல் ஏறும்படி போட வேண்டும். மாற்றிப் போட்டால் ஓடுகிற காற்று நடுவில் புகுந்து தூக்கிவிடும், மழைத் தண்ணீரும் நேராக உள்ளே போகும். அப்புறம் கயிறு. மேலிருந்து இறங்கும் கயிற்றின் நடுவில் ஒரு மடிப்பு எடுத்து, அதை ஒரு முறுக்குக்குள் செருகி, கீழே வரும் வளையத்தைத் தொட்டிக் கொக்கியில் மாட்டி, மிச்சக் கயிற்றைப் பிடித்து உடம்பு கனத்தை எல்லாம் போட்டு இழுக்க வேண்டும். ஒரு ஆள் இழுத்தால் இரண்டு ஆள் இழுத்த இறுக்கம் கிடைக்கும், அவிழ்க்கும்போது ஒரு உதறில் அவிழும். கட்டி முடித்துக் கிளம்பினால் வேலை முடிந்துவிடவில்லை. கொஞ்ச தூரம் ஓடியதும் மூட்டை அமுங்கும், கயிறு தளரும், நிறுத்தி மறுபடி இழுத்துக் கட்ட வேண்டும். பாதி பேர் இந்த இரண்டாவது இழுப்பை விட்டுவிடுகிறார்கள், சரக்கு சாய்வது அங்கேதான்.

இதே கயிற்று முடிச்சை நான் இங்கிலாந்தில் பார்த்தேன். மகள் மான்செஸ்டரில் வேலையாக இருக்கிறாள், பார்க்கப் போனபோது லேலண்ட் ஊருக்குக் கூட்டிப் போகச் சொன்னேன். ரயிலில் போய் இறங்கலாம். அங்கே பழைய லாரி, பஸ்களுக்கென்று ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது. 1982இல் போப்பாண்டவர் இரண்டாம் ஜான் பால் பிரிட்டனுக்கு வந்தபோது லேலண்ட் செய்து கொடுத்த கண்ணாடிக் கூண்டு வண்டிகூட அங்கே நிற்கிறது. நான் அதற்கு ஒரு பார்வையோடு சரி, லாரிகளிடம் போய்விட்டேன். அங்கே பேச்சுக் கொடுத்த பெரியவர் ஒருவரின் அப்பாவும் லாரிக்காரர். அவர் வீட்டுக் கதையைக் கேட்கக் கேட்க எங்கள் தெருவில் உட்கார்ந்திருக்கிற மாதிரிதான் இருந்தது. அம்மா கணக்குப் புத்தகம், அண்ணன் தம்பி இரண்டு பேரும் டிரைவர், வீட்டுக்குப் பின்னால் வண்டி நிறுத்தும் இடம். 1948இல் அங்கே நீண்ட தூர லாரித் தொழிலை அரசுடைமை ஆக்கினார்கள். 25 மைல் சுற்றளவுக்கு மேல் வாடகைக்கு ஓடிக்கொண்டிருந்த கம்பெனிகளை அரசாங்கம் இழப்பீடு கொடுத்து எடுத்துக்கொண்டது. அவர் அப்பாவின் வண்டிகளும் போயின. 1953இல் சட்டத்தை மாற்றி மறுபடி தனியாருக்கு விற்றபோது, தன் பழைய வண்டிகள் கிடைக்காமல் வேறு யாருடையதோ இரண்டு வண்டியை வாங்கி முதலிலிருந்து ஆரம்பித்தாராம்.

அவர்களுக்குத் திம்பம் மாதிரி ஷாப் மலை. ஸ்காட்லாந்து போகும் பழைய ரோட்டில் அதைத் தாண்ட வேண்டும், குளிர்காலத்தில் பனி மூடிவிடும். 1970இல் பக்கத்தில் எம்6 நெடுஞ்சாலை திறக்கும் வரைக்கும் எல்லா லாரியும் அதன் மேல்தான். கேபினில் ஹீட்டர் கிடையாது, காலைச் சாக்கில் நுழைத்துக்கொண்டு ஓட்டுவார்களாம். நமக்கோ அதே இஞ்சின் சூடு இடது காலைப் பொசுக்கும், சித்திரை மாதத்தில் ஆந்திராவைத் தாண்டும்போது ஈரச் சாக்கை இஞ்சின் மூடி மேல் போடுவோம். இதைச் சொன்னதும் அவர் அந்தச் சூட்டைக் கொஞ்சம் எங்களுக்கு அனுப்பியிருக்கலாமே என்றார். கனரக லாரிகளுக்கு 1957 வரைக்கும் அங்கே மணிக்கு 20 மைல்தான் வேக வரம்பு. கயிறு கட்டுவதைப் பற்றிப் பேச்சு வந்தபோது அவரே ஒரு வண்டியில் தொங்கிய கயிற்றை எடுத்துக் கட்டிக் காட்டினார். அதே மடிப்பு, அதே முறுக்கு, அதே இழுப்பு. நான் கட்டியதை அவர் இழுத்துப் பார்த்தார், அவர் கட்டியதை நான் இழுத்துப் பார்த்தேன். வெள்ளைக்காரன் வண்டியோடு இந்தக் கட்டும் இங்கே வந்ததா, இல்லை பாரம் ஏற்றுகிற கை எல்லா ஊரிலும் ஒரே வழியைத்தான் கண்டுபிடிக்குமா என்று ரயிலில் திரும்பும்போது மகளோடு பேசிக்கொண்டே வந்தேன்.

வண்டி வெளியே போய்விட்டால் வீட்டில் நடப்பது வேறு. போன் இல்லாத காலம், லோடு இறக்கியதும் டிரைவர் ஒரு கார்டு போடுவார், அவசரம் என்றால் லோடு பிடித்துக் கொடுக்கும் புக்கிங் ஆபீஸிலிருந்து டிரங்க் கால் வரும். அதுவும் எங்கள் வீட்டுக்கு வராது, தெருமுனை மளிகைக் கடைக்கு வரும். அதுவரைக்கும் எந்த ஊரில் இருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு மாநில எல்லையிலும் பர்மிட்டுக்கு நின்ற காலம் வேறு, 1970களின் நடுவில் தேசிய பர்மிட் வந்த பிறகுதான் ஒரே வண்டி நிம்மதியாக வடக்கே போய்வர முடிந்தது. கேரள எல்லையில் வாளையார் செக்போஸ்ட்டில் நின்ற வரிசையைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இது முடியாது. ஜிஎஸ்டி வந்து அந்த வரிசை குறைந்ததை லாரிக்காரன் எவனும் மறுக்கமாட்டான்.

அம்மா எந்த ராத்திரியில் வண்டி வந்தாலும் எழுந்து வெந்நீர் போடும். அப்பாவுக்கு மட்டுமில்லை, டிரைவருக்கும் கிளீனருக்கும். சாப்பாடு எல்லோருக்கும் ஒரே பந்தி. டிரைவரண்ணனின் மகள் கல்யாணத்துக்கு அப்பத்தா தன் கையிருப்பை எடுத்துக் கொடுத்தது. பெரிய மனசு என்பது ஒரு பக்கம், அதில் தொழில் கணக்கும் இருந்தது. நல்ல டிரைவர் வேறு வண்டிக்குப் போனால் புது ஆள் கிளட்சைத் தேய்த்துக் கற்றுக்கொள்ளும் செலவு அந்தக் கல்யாணச் செலவைவிட அதிகம்.

பணத்தைக் கையாள்வதில் அப்பத்தாதான் எங்கள் வீட்டு ஆபீஸ். வண்டி வந்து டிரிப் ஷீட் முடிந்ததும் டீசல், பேட்டா, ஏற்றுகூலி, இறக்குகூலி, வழிச்செலவு எல்லாம் கழித்து மிஞ்சுவதை லாபம் என்று யாரும் வாயால் சொல்லக் கூடாது. முதலில் டயருக்கு ஒரு பங்கு தனி டப்பாவில் விழும், அடுத்து எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று), வரி, இன்சூரன்ஸுக்கு ஒரு டப்பா, அப்புறம் இஞ்சின் வேலைக்கு. இதெல்லாம் போனபின் இருப்பதுதான் தவணைக்கும் வீட்டுக்கும். ஓடுகிற வண்டி தினமும் டயரைத் தேய்த்துக்கொண்டிருக்கிறது, அந்தக் காசு கண்ணுக்குத் தெரியாமல் செலவாகிக்கொண்டிருக்கிறது என்பதை அப்பத்தா எப்படியோ புரிந்துவைத்திருந்தது. இன்றைக்கு நொடித்துப்போகிற ஒற்றை வண்டிக்காரர்களில் பெரும்பாலோர் வாடகை குறைவால் நொடிப்பதாகச் சொல்கிறார்கள். வாடகை குறைவு உண்மைதான். ஆனால் நான் பார்த்த வரைக்கும் ஒரே மாதத்தில் ஆறு டயரும் எஃப்.சி.யும் சேர்ந்து வரும்போதுதான் வட்டிக்குப் போகிறார்கள், போனவர்கள் திரும்புவதில்லை. முதல் வண்டியின் தவணை முடியும் முன் இரண்டாவது வண்டி எடுக்கக் கூடாது என்பதும் அப்பத்தா சட்டம். பைனான்ஸ்காரர் வீடு தேடி வந்து கொடுக்கிறேன் என்றாலும் காபி கொடுத்து அனுப்பிவிடும்.

பாக்கியும் அப்படித்தான். வெளியூர் புக்கிங் ஆபீஸ் ஒன்று அட்வான்ஸ் மட்டும் கொடுத்துவிட்டு பேலன்ஸை மாதக்கணக்கில் இழுத்தடித்ததில் அப்பா இளைத்துப்போனார். அதற்குப் பிறகு புது இடத்தில் லோடு எடுத்தால், இறக்கும் இடத்தில் சரக்குக்காரரிடமே பேலன்ஸ் வாங்கிக்கொள்வதாக லாரி ரசீதில் எழுதி வாங்கிவிட்டுத்தான் தார்ப்பாயை விரிப்பார். எழுதித் தர மறுக்கிற இடத்தில் லோடு எடுக்காமல் காலி வண்டியாகக் கிளம்பியதும் உண்டு.

தூக்கம் பற்றி அப்பாருவின் கட்டளை ஒன்று இருந்தது, நடுராத்திரி இரண்டு மணியிலிருந்து விடியும் வரை வண்டி நிற்க வேண்டும். சரக்கு அவசரம், சந்தை போய்விடும் என்று யார் சொன்னாலும் கேட்கமாட்டார். அந்த நேரத்தில் கண் திறந்திருக்கும், ஆள் தூங்கிக்கொண்டிருப்பான் என்பார். எங்கள் பக்கத்தில் எத்தனையோ வீடுகளில் மாலை போட்ட போட்டோ தொங்குவது அந்த மூன்று மணி நேரத்தால். இப்போதைய முதலாளிகள் ஜிபிஎஸ்ஸைப் பார்த்து ஏன் நிறுத்தினாய் என்று அந்த நேரத்தில் போன் போடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

எங்கள் கடைசிக் காமெட்டை 1990களில் விற்றோம். மெட்ராஸில் தண்ணீர் லாரியாகச் சில வருடம் ஓடியது என்று கேள்வி, அதற்கப்புறம் பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் புதுப்பேட்டைக்குப் போயிருக்கும். வண்டியைப் பிடித்து வைத்திருக்கலாமே என்று இப்போது பிள்ளைகள் கேட்கிறார்கள். ஓடாத லாரிக்கு வரியும் இடமும் கொடுக்க அப்போது எங்களால் முடியவில்லை. இங்கிலாந்தில் பழைய லாரிகளைக் குடும்பத்தோடு மெருகேற்றி வைத்திருக்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமை வெளியே எடுத்து ஓட்டிக் காட்டுகிறார்கள். நம் ஊரில் காமெட்டோ பெட்ஃபோர்டோ இன்னும் யார் கொட்டகையிலாவது நின்றால், ஆர்.சி. புக்கை முதலில் பத்திரப்படுத்துங்கள், டேங்கில் கிடக்கும் பழைய டீசலை இறக்கிவிடுங்கள், இஞ்சினை நேராக ஸ்டார்ட்டர் போட்டு அடிக்காமல் நாசிலைக் கழற்றி சிலிண்டருக்குள் கொஞ்சம் ஆயில் விட்டு ஊறவைத்துக் கையால் சுற்றிப் பாருங்கள்.

சித்தப்பா மகன் இப்போதும் வண்டி ஓட்டுகிறான், பத்து சக்கரம். அவன் படும் கவலை வாடகையோ டீசலோ இல்லை, ஆள். கிளீனர் என்ற ஆளே இல்லாமல் போய்விட்டார்கள். பையன்கள் படிக்கப் போகிறார்கள், அது நல்லது, நானும் என் பிள்ளைகளைப் படிக்கத்தான் அனுப்பினேன். ஆனால் எங்கள் காலத்தில் டிரைவர் ஆகிறவன் பல வருடம் கட்டை தூக்கி, டயர் தட்டி, கயிறு இழுத்து, அப்புறம் ஸ்டியரிங்குக்கு வந்தான். இப்போது லைசென்ஸோடு நேராக வந்து உட்காருகிறான், வழியில் ஒன்று என்றால் போனை எடுத்து முதலாளியைக் கேட்கிறான், தனி ஆளாக விடிய விடிய ஓட்டுகிறான். அந்தச் சித்தப்பா மகனே ஒரு வழி செய்திருக்கிறான்: புதிதாகச் சேரும் டிரைவரோடு முதல் டிரிப்பில் அவனே ஏறிக்கொள்கிறான், ஓட்டுவதற்கு இல்லை, பக்கத்து சீட்டில். நிற்கிற இடத்தில் எல்லாம் சேர்ந்து இறங்கி வண்டியைச் சுற்றுகிறார்கள், தொப்பூர் இறக்கத்தில் கியரைப் பற்றிப் பேசுகிறார்கள், கயிற்றை இரண்டாவது முறை இழுக்கிறார்கள். ஒரு டிரிப்பு நாள் அவனுக்கு ஆபீஸில் வேலை கெடும்தான். டயர் செலவு குறைந்திருக்கிறது, டிரைவர்கள் விட்டுப் போவதும் குறைந்திருக்கிறது என்கிறான். வண்டி வைத்திருக்கும் தம்பிகள் அடுத்த ஆளைச் சேர்க்கும்போது இதைச் செய்து பாருங்கள்.